கிணற்றில் பாதி

மதுரை நகரிலிருந்து திண்டுக்கல்லை நோக்கிச் செல்பவர்கள், ஆரப்பாளையத்தைத் தாண்டி வைகைப் பாலத்தைக் கடந்து வடகரை ஏறியதும், பாத்திமா கல்லூரியின் மதிலைக் காண்பார்கள். அதற்கு அப்பால் பரவைக்கும் சமயநல்லூருக்கும் செல்லும் வழியில் நெருக்கமாக வீடுகளும் கடைகளும் நிறைந்த ஓர் ஊர் வரும். அதுதான் எங்கள் விளாங்குடி. இன்று அதனை ஊர் என்று சொன்னால் இளைஞர்கள் சிரிப்பார்கள். பேரூராட்சியாக இருந்த அது 2011ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. அந்த ஆண்டில்தான் 72 வட்டங்களாக இருந்த மாநகராட்சி 100 வட்டங்களாகப் பெருகியது. ஆயினும், அந்த மண்ணில் பிறந்து கண்மாய்க் கரையில் ஓடி விளையாடிய எனக்கு அது இன்னும் ஊர்தான்.

அந்த ஊரில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுக்கு ஒரு கிணறு இருந்தது. அந்தக் கிணற்றைப் பற்றித்தான் இங்கு எழுதப் போகின்றேன். எழுதுவதற்குச் சற்று வெட்கமாகவும் இருக்கின்றது. ஏன் என்பதைப் போகப் போக அன்பர்கள் அறிந்துகொள்வார்கள்.

எங்கள் பூர்வீகம் சோழவந்தான் பக்கம். என் அத்தாவின் தந்தையாரை நாங்கள் ராதா என்றும், அவருடைய துணைவியாரை ராதிமா என்றும் அழைப்போம். ராவுத்தர் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இந்த உறவுப் பெயர்களை விளக்க வேண்டியதில்லை. ராதா வெற்றிலை வியாபாரம் செய்தவர். சோழவந்தான் வெற்றிலையின் பெருமையை நாடறியும். அது 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. பெரியாற்றுத் தண்ணீர் 1895ஆம் ஆண்டில் மலையைக் குடைந்து வந்து வைகையில் கலந்த பிறகு, அந்த வட்டாரத்தின் நஞ்சையும் தோட்டமும் செழித்தன. கொடிக்கால்களில் அகத்தியைப் பற்றிப் படர்ந்த கொடியிலிருந்து கிள்ளிய வெற்றிலையை மாலையில் கட்டி, ஈரச் சாக்குப் போர்த்தி, இரவெல்லாம் மாட்டு வண்டியில் பயணம் செய்து, விடியுமுன் மதுரை மண்டியில் இறக்குவது ராதாவின் தொழில்.

வெற்றிலை குழந்தையைப் போன்றது என்று அத்தா சொல்வார்கள். நீர் வற்றினால் வாடிவிடும். நீர் மிகுந்தால் அழுகிவிடும். வழியில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, சாக்கை நனைத்து, மாட்டுக்கும் தண்ணீர் காட்டியாக வேண்டும். ராதா அவ்வாறு நிறுத்திய இடம் விளாங்குடி. அங்கே அவருக்குத் தண்ணீர் தந்தவர் ஒரு கோனார். மாடு வளர்த்துப் பால் விற்றுப் பிழைத்தவர். அவரை மூத்த கோனார் என்றே நான் இங்குக் குறிப்பிடுகின்றேன். அவரிடமும் அப்போது கிணறு இல்லை; தொலைவிலிருந்து சுமந்து வந்து தொட்டியில் நிரப்பிய தண்ணீரைத்தான் வழிப்போக்கரான ராதாவின் மாடுகளுக்கும் காட்டினார். சுமந்த தண்ணீரைப் பிறர் மாட்டுக்குக் கொடுப்பவன் எளிய மனிதன் அல்லன் என்று ராதா பலமுறை சொன்னதாகக் கேட்டிருக்கின்றேன்.

1934ஆம் ஆண்டில் கோனார் வீட்டை அடுத்த பதினொரு சென்ட் இடம் விலைக்கு வந்தது. அதை ராதா வாங்கி வீடு கட்டினார். மூன்றாண்டு கழித்து அந்தக் கிணறு வெட்டப்பட்டது. எனக்கு நினைவு தெரிந்த நாளில் அதில் இரண்டு சகடைகள் இருந்தன. மேற்குப் பக்கத்தில் எங்களுடையது, கிழக்குப் பக்கத்தில் கோனார் வீட்டாருடையது. இரு வீட்டுக்கும் இடையே மதில் கிடையாது. கிளுவை வேலி மட்டும் இருந்தது. அந்த வேலியிலும் கிணற்றுக்கு நேராக ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. 1984ஆம் ஆண்டில் என் அத்தா வேலியை எடுத்துவிட்டுச் சுற்றுச்சுவர் கட்டியபோது, அந்த இடைவெளி இருந்த இடத்தில் ஒரு சிறு வாசல் விட்டுக் கதவு போட்டார்கள். அந்தக் கதவுக்கு எங்கள் பக்கத்தில் தாழ்ப்பாள் கிடையாது. கொத்தனார் கேட்டதற்கு, "அது அவங்க வாசல், தாழ்ப்பாள் அவங்க பக்கம் இருக்கட்டும்" என்றார்கள்.

நான் பிறந்தது 1955ஆம் ஆண்டில். என் பிள்ளைப் பருவத்தில் மூத்த கோனார் காலமாகியிருந்தார். அவருடைய மனைவியார் இருந்தார்கள். நாங்கள் அவர்களை அப்பத்தா என்று அழைப்போம். காதில் தண்டட்டி ஆட, இடுப்பில் தோண்டியோடு அவர்கள் கிணற்றடிக்கு வந்துவிட்டால் ராதிமாவின் முகம் மலர்ந்துவிடும். ஒருவர் கிழக்குச் சகடையிலும் மற்றவர் மேற்குச் சகடையிலும் நின்றுகொண்டு, கயிறு இழுக்கும் வேகத்திலேயே ஊர்க் கதையும் இழுப்பார்கள். ராதிமாவுக்குத் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாது. சிறுமியாக இருந்தபோது ஓதிய பள்ளியில் குர்ஆனும் அரபுத் தமிழும் மட்டும் கற்றிருந்தார்கள். அப்பத்தாவுக்கோ எந்த எழுத்தும் தெரியாது. ஆனால் அந்த இருவரும் அறிந்திருந்த வாழ்க்கைப் பாடத்தை நான் பின்னாளில் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அப்பத்தா வீட்டில் கவிச்சி ஆகாது. அன்று ராதிமா எங்கள் வீட்டிலிருந்து சமைத்த எதையும் அனுப்பமாட்டார்கள். அரிசியும் தேங்காயும் வெல்லமும் மட்டும் போகும். நோன்புப் பெருநாள் அன்று கோனார் வீட்டுப் பால் முழுவதும் எங்கள் வீட்டுக்கு வரும். அன்றைய பாலுக்கு மட்டும் கணக்கு எழுதுவதில்லை. ரமலானில் பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வாங்க நான் தூக்குவாளியோடு போகும்போது, அந்த வீட்டுப் பையன் இன்னொரு வாளியோடு என் கூடவே வருவான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். என் விளையாட்டுத் தோழன். அவனுடைய தம்பிக்குக் காய்ச்சல் கண்டால், மக்ரிபு தொழுகை முடிந்து வெளியே வருபவர்களிடம் ஓதி ஊதிக்கொள்ள அப்பத்தாவே பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் படியருகே நிற்பார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், ஊரெல்லாம் கோரிப்பாளையம் பக்கம் போய்விட, அந்த வீட்டு மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் பொறுப்பு எங்களுடையது.

குழம்பு வைக்கும்போது தண்ணீரைச் சற்றுக் கூட்டி வைத்து அண்டை வீட்டாரையும் நினைத்துக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுரை கூறியதை நாமெல்லாம் அறிவோம். எங்கள் வீட்டுக் குழம்பில் கூடிய தண்ணீர் அந்தக் கிணற்றுத் தண்ணீர். அதில் யாருடைய பாதி எந்தப் பாதி என்று நாங்கள் எண்ணியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1992 டிசம்பர் மாதம். அயோத்தியிலிருந்து வந்த செய்தி நாடெங்கும் மக்களை நடுங்கவைத்திருந்த நாட்கள். அப்போது நான் துபாயில் இருந்தேன். தொலைபேசி கிடைப்பது கடினம். வீட்டில் அத்தாவும் அம்மாவும் மட்டும் தனியே இருந்தார்கள். முதல் நாள் இரவு, மூத்த கோனாரின் மகன் தம் கயிற்றுக் கட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் போட்டிருக்கின்றார். அவருக்கு அப்போது வயது அறுபத்தைந்துக்கு மேல். என்ன அண்ணே என்று அத்தா கேட்டதற்கு, "வீட்டுல மூட்டைப்பூச்சி தாங்கலப்பா, இங்க படுத்துக்கிறேன்" என்றாராம். மார்கழியை நெருங்கிய குளிரில், திறந்த வாசலில், மூன்று இரவுகள் அவர் அங்கேயே படுத்திருந்தார். எங்கள் தெருவில் எந்தத் தீங்கும் நிகழவில்லை. நான்காம் நாள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார். மூட்டைப்பூச்சி போயிற்றா என்று அத்தாவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அத்தா தம் இறுதி நாள் வரை அந்த மூட்டைப்பூச்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரல் தழுதழுத்துப் போவார்கள்.

காலம் ஓடியது. துபாயில் என்னோடு பணியாற்றிய பொறியாளர் ஒருவர் அயர்லாந்து நாட்டின் மேற்குப் பகுதியைச் சேர்ந்தவர். 2010ஆம் ஆண்டு வாக்கில் ஒருநாள் அவர் தம் கணினியில் ஒரு பழைய தாளின் படத்தை எனக்குக் காட்டினார். அது 1911ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் அவருடைய முப்பாட்டனார் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட படிவம். வீட்டிலிருந்தோர் பெயர், வயது, சமயம், எழுதப் படிக்கத் தெரியுமா, ஐரிஷ் மொழி பேசுவார்களா என்ற விவரமெல்லாம் அதில் இருந்தன. அடுத்த தாளைத் திருப்பி அண்டை வீட்டாரின் பெயர்களையும் காட்டினார். அந்த அண்டை வீட்டுப் பேரர்களில் ஒருவரை அமெரிக்காவில் தேடிக் கண்டுபிடித்துக் கடிதப் போக்குவரத்தும் வைத்திருந்தார். 1840களில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி வந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்களைப் பறிகொடுத்து, அதே அளவு மக்களைக் கடல் கடந்து அனுப்பிய நாடு அது. ஆகவே வேர்களைத் தேடுவது அவர்களுக்கு ஓர் இயல்பாகவே ஆகிவிட்டது.

அவர் சொன்ன இன்னொரு செய்தியும் என் மனத்தில் தங்கிவிட்டது. 1922ஆம் ஆண்டு நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் டப்ளின் நகரத்து ஆவணக் காப்பகம் தீப்பற்றி எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி அதில் சாம்பலாயிற்று. "அதற்கு முந்திய என் குடும்பத்தைப் பற்றி அண்டை வீட்டார் சொல்லிக் கேட்டதுதான் எனக்கு ஆவணம்" என்றார் அவர். பிறகு என்னை நோக்கி, உங்கள் பாட்டனாரின் தாள் எங்கே என்று கேட்டார். நம் நாட்டுக் கணக்கெடுப்பில் தனி மனிதர் விவரங்கள் சட்டப்படி இரகசியமாகக் காக்கப்படுபவை. அவ்வாறு எடுத்துக் காட்ட என்னிடம் எதுவுமில்லை. பட்டாவும் பத்திரமும், பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேடும், கபரஸ்தானின் மேடுகளும் தவிர நமக்கு வேறு என்ன இருக்கின்றது என்று எண்ணிக்கொண்டேன். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு பெரிய சோதனையாகத் திரும்பி வரப்போகின்றது என்பதை அன்று நான் அறியவில்லை.

அத்தா 2017ஆம் ஆண்டில் வஃபாத்தானார்கள். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்கள். நான் ஓய்வு பெற்றுச் சென்னையில் இருக்கின்றேன். தம்பி வெளிநாட்டில், தங்கை திண்டுக்கல்லில். பூட்டிக் கிடந்த வீட்டின் ஓடுகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. 2023ஆம் ஆண்டில் ஒரு தரகர் வந்தார். அடுக்குமாடி கட்டும் ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொன்னார். மூவரும் இசைந்தோம். இரண்டு ஆண்மக்கள், ஒரு பெண் என்பதால் ஷரீஅத் முறைப்படி ஐந்து பங்கு. ஆண்களுக்கு இரண்டிரண்டு, தங்கைக்கு ஒன்று. கணக்கு எளிது என்று நினைத்தோம்.

வாங்குபவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. பதினொரு சென்ட்டும் முழுமையாக வேண்டும். கிணற்றைத் தூர்த்து, அந்தச் சிறு வாசலை அடைக்க வேண்டும். தரகர் வில்லங்கச் சான்றையும் புல வரைபடத்தையும் விரித்து வைத்துச் சொன்னார்: "பாய், கிணறு முழுசும் உங்க எல்லைக்குள்ளதான் இருக்கு. பத்திரத்தில் பொதுக் கிணறு என்று ஒரு வார்த்தை கிடையாது. பக்கத்து வீட்டில் யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை."

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பத்திரம் 1934ஆம் ஆண்டினது. கிணறு அதற்குப் பிறகு வந்தது. ஆகவே பத்திரத்தில் அது இல்லை. நீரோட்டம் பார்த்தவர் சுட்டிய இடம் எங்கள் எல்லைக்குள் சில அடி தள்ளி அமைந்ததால், அளவைக்காரர்கள் அதை எங்கள் புலத்திலேயே காட்டிவிட்டார்கள். வழக்கறிஞர் ஒருவரையும் கேட்டேன். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, இருபது ஆண்டுகள் தடையின்றி நீர் இறைத்து வந்தவர்களுக்கு ஓர் உரிமை உண்டாகலாம். ஆனால் அவர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டு இதைப் பயன்படுத்துவதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டனவே, அவர்கள் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அவர்கள் கேட்கப் போவதில்லை. அதுதான் எனக்குத் தெரியும். அப்பத்தா இல்லை, கயிற்றுக் கட்டில் தூக்கி வந்தவர் இல்லை, என் விளையாட்டுத் தோழனும் இறந்துவிட்டான். அவனுடைய மகன்தான் இப்போது அந்த வீட்டில் இருக்கின்றான். பரவைக் காய்கறி மார்க்கெட்டில் சரக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கின்றான். மாடுகள் போய்விட்டன, தொழுவம் இருந்த இடத்தில் ஒரு வாடகை அறை. கிணற்றைப் பற்றி அவன் அறிந்ததெல்லாம், அது பாய் வீட்டுக் கிணறு, தன் பாட்டியார் அதில் தண்ணீர் எடுத்தார்கள் என்பது மட்டுமே.

வீட்டைக் காலி செய்வதற்காக நான் விளாங்குடிக்குப் போய் ஒரு வாரம் தங்கினேன். பரணில் ராதாவின் டிரங்குப் பெட்டி இருந்தது. அதில் துணி அட்டை போட்ட கணக்குப் புத்தகம் ஒன்று கிடைத்தது. வெற்றிலைக் கவுளிக் கணக்கெல்லாம் தமிழ் எழுத்தில் இருந்தது. கடைசிப் பக்கங்களில் வீட்டுச் செலவு மட்டும் அரபுத் தமிழில் எழுதப்பட்டிருந்தது. ராதிமாவும் படிக்க வேண்டும் என்பதற்காக அவ்வாறு எழுதியிருப்பார் என்று நினைக்கின்றேன். அந்த எழுத்தை ராதிமாவின் மடியில் அமர்ந்து நான் கற்றிருந்தேன். எங்கள் குடும்பத்தில் இன்று அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே.

ஹிஜ்ரி 1356, ரபீயுல் அவ்வல் மாதம் என்று தலைப்பிட்டு, அதாவது 1937ஆம் ஆண்டின் கோடையில், கிணறு வெட்டிய செலவு அதில் வரிவரியாக இருந்தது. ஆட்கூலி, பாறைக்கு வெடிமருந்து, செங்கல், சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து 186 ரூபாய். அதன் கீழே, கோனார் பாதி 93 ரூபாய் என்றும், அதில் 60 ரூபாய் ரொக்கமாகவும் 33 ரூபாய்க்கு மாடும் ஆளுமாகவும் அவர் தந்து தீர்த்துவிட்டார் என்றும், கிணறு இரு வீட்டுக்கும் சரிபாதி என்றும் எழுதியிருந்தது. கையொப்பம் இல்லை, சாட்சி இல்லை, முத்திரைத் தாளும் இல்லை.

அன்பர்களே, இனிச் சொல்வதுதான் எனக்கு வெட்கம் தருவது. அந்தப் புத்தகத்தை நான் மூடிப் பெட்டியில் வைத்துவிட்டேன். இரண்டு நாட்கள் யாரிடமும் பேசவில்லை. அந்தக் கிணறும் அதைச் சுற்றிய இடமும் ஒன்றரைச் சென்ட். அதைக் கொடுத்துவிட்டால் விலையில் குறையும் தொகை, என் பெயரனின் கல்லூரிப் படிப்புக்கென்று நான் மனத்துள் ஒதுக்கி வைத்திருந்த தொகைக்கு ஏறக்குறைய ஈடாகும். படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே, படிக்காதவன் போல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று மனம் ஓதியது. அயர்லாந்து நண்பரின் முன்னோர் ஏடுகளைத் தீ தின்றது. என் கையில் இருந்த ஏட்டைத் தின்ன என் மௌனமே போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள் அதிகாலை, சுபுஹுத் தொழுகைக்காக எழுந்து கிணற்றடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரின் இரு பக்கமும் பதித்த கல்லில் கயிறு அறுத்த தடங்கள் இருந்தன. விரலை வைத்துப் பார்த்தேன். மேற்குப் பக்கத்துத் தடமும் கிழக்குப் பக்கத்துத் தடமும் ஒரே ஆழம். என் விரலுக்குத் தெரிந்ததை வில்லங்கச் சான்று அறியவில்லை. வாசலில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடப்பதுபோல் எனக்குத் தோன்றியது. அதன் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அன்று பகலில் தம்பிக்கும் தங்கைக்கும் தொலைபேசியில் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். தம்பி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணே, அது எழுதி எண்பத்தாறு வருஷம் ஆச்சு. சட்டத்தில் செல்லாத காகிதத்துக்காக நம்ம பிள்ளைகள் பங்கைக் கொடுக்கணுமா?" என்றான். அவன் கெட்டவன் அல்லன்; கடன் வாங்கி வீடு கட்டி, மாதந்தோறும் வட்டி கட்டத் தவிப்பவன். அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

எங்கள் ஜமாஅத்தின் ஆலிம் ஒருவரிடம் போனேன். ஷுஃப்ஆ என்று நம் ஃபிக்ஹு நூல்கள் பேசும் உரிமையை அவர் எடுத்து விளக்கினார். ஒருவர் தம் நிலத்தையோ வீட்டையோ விற்கும்போது, அதில் பங்காளியாக இருப்பவருக்கு அதே விலையில் வாங்கிக்கொள்ள முதல் உரிமை உண்டு. நம் ஹனஃபி மத்ஹபில் நீர்ப் பாதையிலும் நடைபாதையிலும் பங்குடையவருக்கும், அதற்கடுத்து ஒட்டிய அண்டை வீட்டாருக்கும் அந்த உரிமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் பங்காளிக்கு மட்டுமே. இதைக் கேட்டதும் வழக்கறிஞர் சிரித்தார். இந்த உரிமை சொத்து விற்பனையின் சுதந்திரத்தைத் தடுக்கின்றது என்று சொல்லி, 1870ஆம் ஆண்டிலேயே சென்னை உயர்நீதிமன்றம் இதைத் தள்ளிவிட்டது. அண்டை வீடு என்ற ஒரே காரணத்துக்காக முன்னுரிமை கேட்பது செல்லாது என்று 1962ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது என்றார். நீதிமன்றங்கள் சொன்னதில் எனக்குக் குறை இல்லை. சட்டம் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் அதன் பொருள். கட்டாயம் இல்லாத இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்கின்றான் என்பதை அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கின்றான்.

ஆனால் ஆலிம் கடைசியாகச் சொன்ன ஒன்றுதான் எங்கள் முடிச்சை அவிழ்த்தது. "ஷுஃப்ஆ என்பது நீங்கள் விற்கும் உங்கள் பொருளைப் பற்றியது. கிணற்றில் பாதி உங்கள் பொருளே இல்லையே! மய்யித்தின் சொத்தில் பிறருடைய ஹக்கையும் கடனையும் கழித்த பிறகுதானே வாரிசுகளுக்குப் பங்கு?" என்றார். நான் அதைத் தம்பியிடம் சொன்னேன். அவன் பதில் சொல்லுமுன், தங்கை குறுக்கிட்டாள். "என் பங்கிலிருந்து கழிச்சுக்கோங்க. மூணு ராத்திரி அவங்க தாத்தா நம்ம வாசல்ல படுத்ததுக்கு நாம கணக்கு எழுதலையே" என்றாள். ஐந்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளவள் முதலில் கையை நீட்டினாள். அதற்குப் பின் தம்பியும் இசைந்தான். ஆயினும் ஏழெட்டு மாதங்கள் அவன் என்னோடு முன்போல் பேசவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன்.

அடுத்த நாள் மாலை, அந்தச் சிறு வாசலைத் தட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். என் தோழனின் மகன் வண்டியிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தான். "வாங்க சித்தப்பா" என்று நாற்காலி எடுத்துப் போட்டான். புத்தகத்தைத் திறந்து படித்துக் காட்டினேன். அந்த எழுத்தை அவனும் அவன் மனைவியும் வியப்போடு பார்த்தார்கள். தமிழா இது என்று கேட்டார்கள். வீடு விற்பனைக்கு வந்த செய்தியைச் சொல்லி, வெளியார் தரும் அதே விலைக்கு முதலில் அவனுக்கே தர ஆயத்தமாக இருப்பதாகவும் சொன்னேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வீட்டை வாங்க எனக்கு ஏது சித்தப்பா சக்தி? அது நீங்க நல்லபடியா வித்துக்குங்க. கிணத்தை மட்டும் மூட வேணாம். ஆயா சாகும்போது அந்தத் தண்ணிதான் கேட்டுச்சு" என்றான். கிணற்றில் பாதி தன்னுடையது என்று அறிந்த மறுநொடியில், அதன் விலை என்ன என்று அவன் கேட்கவில்லை. இரண்டு நாட்கள் புத்தகத்தை மூடி வைத்திருந்த நான் அவன் முகத்தை நேராகப் பார்க்க இயலாமல் அமர்ந்திருந்தேன்.

வாங்குபவர் முதலில் மறுத்தார். பிறகு விலையைக் குறைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். கிணறும் அதைச் சூழ்ந்த ஒன்றரைச் சென்ட்டும் தனியே அளந்து கல் நடப்பட்டன. அதில் சரிபாதிப் பாத்தியமும், சிறு வாசல் வழியாகப் போய்வரும் உரிமையும் கோனார் குடும்பத்துக்கு எழுதிப் பதிவு செய்யப்பட்டன. மறுபாதி வீட்டோடு வாங்கியவருக்குப் போயிற்று. எண்பத்தாறு ஆண்டுகளாகக் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருந்த ஒரு வரி அன்று அரசாங்கப் பதிவேட்டில் ஏறியது.

சென்ற ஆண்டு மீண்டும் விளாங்குடிக்குப் போயிருந்தேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் நான்கு மாடிக் கட்டடம் எழுந்துள்ளது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக இருப்பதால், அந்தக் கட்டடத்தின் கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாக அந்தக் கிணற்றிலேயே இறக்கியிருக்கின்றார்கள். தூர்க்க வேண்டும் என்று சொன்னவரே இப்போது அதற்குக் கம்பி வலை போட்டு மூடிக் காக்கின்றார். எட்டிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் மின்னிற்று. குடிக்க ஆகாது. ஆயினும் பக்கத்து வீட்டு ஆழ்துளைக் குழாயில் கோடையிலும் தண்ணீர் நிற்பதாகச் சொன்னார்கள். இரு வீட்டுக்கும் அது இன்னும் பாதி பாதியாகத்தான் ஊறுகின்றது.

அந்த வீட்டுப் பெண்பிள்ளை, என் தோழனின் பேத்தி, இப்போது பாத்திமா கல்லூரியில் படிக்கின்றாள். 1953ஆம் ஆண்டில் அந்தக் கல்லூரி தொடங்கியபோது, அவளுடைய வீட்டுப் பெண்கள் எவரும் எழுத்தறியாதவர்கள். அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து என் அருகில் அமர்ந்து, "தாத்தா, அந்த ரெண்டு பாட்டிங்க பேசிக்கிட்ட கதையைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றாள். தண்டட்டியிலிருந்து தொடங்கி மூட்டைப்பூச்சி வரை சொன்னேன். இருட்டும் வரை எழுதிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு நாட்கள் நான் புத்தகத்தை மூடி வைத்திருந்ததையும் சொன்னேன். அவள் ஒரு கணம் எழுதுவதை நிறுத்தினாள். பிறகு அதையும் எழுதிக்கொண்டாள்.

வாசக அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பெட்டி இருக்கும்; அதில் இன்று எவரும் படிக்காத ஓர் ஏடு இருக்கும். படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இன்னும் உங்களோடு இருக்கும்போதே, அதைத் திறந்து படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நமக்கு வர வேண்டியது அதில் எழுதியிருக்கக்கூடும். நாம் கொடுக்க வேண்டியதும் எழுதியிருக்கக்கூடும். பின்னதைத்தான் முதலில் தேட வேண்டும்.